என் வலது கையைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு

காசிமேட்டிலும் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் இருக்கும் என் மக்களுக்கும், எங்கள் பயிற்சிக்கூடத்தாருக்கும், மதுரைப் பக்கத்தில் இருக்கும் ஒரு தம்பிக்கும் வணக்கம்.

சென்ற மாதம் மாநிலக் குத்துச்சண்டைப் போட்டியில் 60 கிலோ பிரிவு இறுதிச் சுற்று முடிந்து நடுவர் என் கையை உயர்த்தியபோது, கீழே நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினீர்கள். அன்று இரவே ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். முதல் வீட்டு வாசலிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது, ஒரு வார்த்தை வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதை விழுங்கிவிட்டு நன்றி மட்டும் சொன்னால் அது பாதி நன்றி. எனவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்போது பதினொரு போட்டிகளில் தொடர்ந்து வென்றிருந்தேன். அரையிறுதிக்கு முந்தைய நாளே, நான் கோப்பையோடு நிற்பதுபோல ஒரு பேனர் அடித்து எங்கள் தெருமுனையில் கட்டினேன். எதிராளியை ஒரே நிமிடத்தில் முடித்துவிடுவேன் என்று பேசி, செல்போனில் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். மணி அடிப்பதற்கு முன்பு அவர் கிளவுஸை நீட்டினார். நான் தொடாமல் திரும்பிக்கொண்டேன். இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, முகத்தை முன்னே நீட்டி, "அடி பார்க்கலாம்" என்றேன். என் பயிற்சியாளரான வாத்தியார் மூலையிலிருந்து, "கையைத் தூக்கு, கையைத் தூக்கு" என்று கத்தியது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது கூரையில் எரிந்த விளக்குகள்தான். இடது ஹூக், பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து. முதல் ரவுண்டு பாதிகூட முடியவில்லை. எட்டு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டேன், ஆனால் கால் நிற்கவில்லை. நடுவர் என்னைக் கட்டிப்பிடித்துச் சண்டையை நிறுத்தினார்.

அன்று இரவு பதினொரு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருமுனையை நினைத்துத்தான் பயந்தேன். அந்த பேனருக்குக் கீழேதான் நான் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே பேனர் இல்லை. விளக்குக் கம்பத்தில் நான்கு கயிற்றுத் துண்டுகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. யார் அவிழ்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஆறு மாதம் கழித்து ஒரு மழை நாளில் அம்மாவின் இட்லிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, காற்றில் மேலே கட்டியிருந்த படுதா ஒரு ஓரமாகத் தூக்கி மடிந்தது. மறுபுறத்தில் என் முகம் இருந்தது. அப்போதுதான் விசாரித்தேன். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் என் நண்பன், நான் தோற்ற செய்தி வந்ததும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து, அதை அவிழ்த்துச் சுருட்டி அம்மாவிடம் கொடுத்திருக்கிறான். ஒரு நாள் கூலி போயிருக்கும். ஆறு மாதமும் தினமும் என்னைப் பார்த்தான், ஒரு சொல் சொல்லவில்லை. நண்பா, நீ செய்ததை இப்போதாவது ஊர் அறியட்டும்.

தலையில் அடிபட்டு விழுந்தவன் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏறக்கூடாது, பயிற்சிச் சண்டைகூடப் போடக்கூடாது. நான் பத்தாம் நாளே போய்த் தகுதிச் சான்று கேட்டேன். கையெழுத்துப் போட மறுத்த டாக்டரிடம் குரலை உயர்த்திப் பேசினேன். அவர் கோபப்படவில்லை, என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "முப்பதாம் நாள் வா, அதற்கு ஒரு நாள் முன்னால் வந்தாலும் உள்ளே விடமாட்டேன்" என்றார். ஐயா, என் மூளையைப் பற்றி என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டீர்கள். அன்று பேசியதற்கு மன்னியுங்கள்.

இனி வாத்தியார்.

முப்பத்தோராம் நாள் காலை பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், அல்லது ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. மூலையில் ஒரு வாளியைக் காட்டினார். சிறுவர்களின் கைக்கட்டுத் துணிகள் அதில் ஊறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் நான்கரை மீட்டர் நீளம். வியர்வையும் டெட்டாலும் கலந்த அந்த நாற்றம் கையை விட்டுப் போகவே போகாது. துவைத்து, பிழிந்து, கயிற்றில் உலர்த்தி, மாலையில் ஒரு சுருக்கம் இல்லாமல் சுருட்டி வைக்க வேண்டும். சுருட்டும்போது துணி இறுக்கமாக இல்லாவிட்டால் அவிழ்த்துத் திரும்பச் சுருட்டச் சொல்வார். இரண்டு வாரம் கிளவுஸைத் தொட விடவில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் வெடித்தேன். "அமீர் கான் தோற்றதும் பயிற்சியாளரை மாற்றினார். நானும் போகிறேன்" என்றேன். இங்கிலாந்துக்காரரான அமீர் கானைக் குத்துச்சண்டை பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். 17 வயதில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர், அதுவரை தொழில்முறையில் தோல்வியே காணாதவர். 2008 செப்டம்பரில் மான்செஸ்டரில், தன் சொந்த ரசிகர்கள் முன்னால், கொலம்பியாவின் பிரிடிஸ் பிரெஸ்காட்டிடம் 54 விநாடிகளில் வீழ்ந்தார். வாத்தியார் பதறவில்லை. "போ. தாராளமாகப் போ. ஆனால் அவர் லாஸ் ஏஞ்சலிஸில் பயிற்சியாளர் ஃப்ரெடி ரோச்சிடம் போய் என்ன கற்றார் என்று தெரியுமா? புதுக் குத்து எதுவும் இல்லை. அடி வாங்காமல் நிற்கத்தான் முதலில் கற்றார். பத்து மாதத்தில் அதே மான்செஸ்டரில் உக்ரைனின் கோட்டெல்னிக்கை வென்று உலகப் பட்டம் கட்டினார். அதை நான் இங்கேயே உனக்குச் சொல்லித் தருகிறேன், இருப்பதானால் இரு" என்றார். நான் இருந்தேன். வாத்தியாரே, அன்று என்னை வெளியே அனுப்ப உங்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

மறுநாள் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கைக்குட்டையை எடுத்து நான்காக மடித்தார். என் வலது கன்னத்துக்கும் வலது கிளவுஸுக்கும் நடுவில் வைத்தார். மூன்று நிமிடம் இடது கையால் மட்டும் குத்த வேண்டும். நேராக நீட்டும் ஜாப் போட்டாலும் ஹூக் போட்டாலும் கைக்குட்டை விழக் கூடாது. எளிதுதானே என்று தோன்றும். இடது கை முன்னே போகும்போது வலது கை தானாக இறங்கும், நமக்கே தெரியாது. முதல் நாள் ஒரே ரவுண்டில் 31 முறை விழுந்தது. எண்ணியவன் எங்கள் கூடத்திலேயே சிறியவன், அப்போது 12 வயது. விழும்போதெல்லாம் சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு போடுவான், ஓடிவந்து கைக்குட்டையை எடுத்துத் தட்டித் திரும்ப என் கன்னத்தில் வைப்பான். நான் முறைப்பேன். அவன் அஞ்சமாட்டான். "அண்ணா, இன்றைக்கு நேற்றைவிட மூன்று குறைவு" என்பான். நான்கு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மூன்று ரவுண்டும் முடிந்து திரும்பிப் பார்த்தேன். அவன் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சுவரருகே சும்மா நின்றிருந்தான். ஒரு கோடும் இல்லை. அவன் கண்தான் முதலில் கலங்கியது. தம்பி, உன் கோடுகளை வாத்தியார் இன்னும் வெள்ளையடிக்க விடவில்லை, பார்த்தாயா?

எங்கள் டீக்கடையில் ஒரு பெரியவர் உண்டு. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரை சொல்லி வட சென்னை இரண்டாகப் பிரிந்து நின்று சண்டை பார்த்த காலத்து மனிதர். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது கூட்டத்தில் நசுங்கி நின்று பார்த்தவர். நான் தோற்ற பிறகு அந்தக் கடைப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் போவேன். ஒரு நாள் வழியிலேயே பிடித்துக்கொண்டார். "கையைத் தொங்கவிட்டால் அலி ஆகிவிடலாம் என்று நினைத்தாய். அலியின் வாயைக் கற்றாய், காலைக் கற்கவில்லை" என்றார். பிறகு உட்கார வைத்து 1971 மார்ச் 8ஆம் தேதியைச் சொன்னார். நியூயார்க்கில் ஜோ ஃப்ரேசியரோடு அலி மோதிய நாள். அலி கீழிருந்து மேலே குத்தும் அப்பர்கட் போடப் போகும்போது வலது கை கன்னத்தை விட்டு இறங்கும். அந்த நொடியில் இடது ஹூக்கை வீசு என்று ஃப்ரேசியருக்குப் பயிற்சியாளர் எடி ஃபட்ச் சொல்லிக் கொடுத்திருந்தார். பதினைந்தாவது ரவுண்டில் அதே ஹூக்கில் அலி மல்லாந்து விழுந்தார். விழுந்த வேகத்தில் எழுந்து அந்த ரவுண்டை முடித்தார். தொழில்முறையில் அவருக்கு அதுதான் முதல் தோல்வி. மீண்டும் உலகப் பட்டத்தைப் பிடிக்க 1974 அக்டோபர் வரை, ஆப்பிரிக்காவின் கின்ஷாசா வரை போக வேண்டியிருந்தது. "மூன்றரை வருஷம். நீ மூன்று மாதத்தில் அழுகிறாய்" என்றார். ஐயா, அன்று நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போயிற்று, நான் குடிக்கவில்லை. நீங்கள் சொன்னது எதையும் மறக்கவில்லை.

எங்கள் கூடத்தில் 54 கிலோ பிரிவில் ஆடும் தங்கைக்குத் தனியாக ஒரு நன்றி. பெண்களோடு பயிற்சிச் சண்டை போடமாட்டேன் என்று முன்பு எல்லோர் எதிரிலும் சொன்னவன் நான். திரும்பி வந்தபோது என்னோடு ரிங்கில் ஏற வேறு யாரும் முன்வரவில்லை. அவர் ஏறினார். முதல் வாரம் அவரை ஒரு முறைகூட என்னால் தொட முடியவில்லை. குத்திவிட்டு வந்த வழியே பின்வாங்காமல் ஒரு பக்கமாக விலகும் காலடியை அவரிடம்தான் கற்றேன். இறுதிப் போட்டியில் என் கால்களைப் பார்த்தவர்கள் அவருடைய கால்களைத்தான் பார்த்தீர்கள்.

அன்று என்னை வீழ்த்திய மதுரைத் தம்பி, உனக்கு எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். எட்டாவது மாதம் இரவு பஸ் ஏறி உன் ஊருக்கு வந்தேன். முகவரி கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தபோது நீ மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாய். நான் வாய் திறக்கும் முன்பே, "வாருங்கள் அண்ணே, முதலில் சாப்பிடுங்கள்" என்றாய். கிளவுஸைத் தொடாமல் திரும்பியதற்கு உன் அப்பா எதிரில் மன்னிப்புக் கேட்டேன். நீ என் கையைப் பிடித்து இரண்டு கைகளாலும் குலுக்கினாய். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, நான் சவால் விட்டு அனுப்பிய படம் உனக்கும் வந்ததாகவும், அதில் நான் காற்றில் குத்திக் காட்டியதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததாகவும் சொன்னாய். வலது குத்து போடுவதற்கு முன் நான் அந்தக் கையை இடுப்பு வரை இறக்கிவிட்டுத்தான் வீசுகிறேன் என்று எழுந்து நின்று செய்தே காட்டினாய். உன்னை வீழ்த்த நான் அனுப்பிய படத்திலேயே என்னை வீழ்த்தும் வழி இருந்திருக்கிறது. அதை நீ ஒளித்துவைத்திருக்கலாம். நாளைக்கு மீண்டும் எதிரெதிரே நிற்க நேர்ந்தால் உனக்குத்தானே உதவும்? ஒளிக்கவில்லை. சென்னைக்கு நீ பயிற்சிக்கு வந்த மூன்று வாரமும் தினமும் அதே ஹூக்கை என் மீது வீசினாய், நான் தடுக்கும் வரை வீசினாய். இப்போது நீ அடுத்த எடைப் பிரிவுக்குப் போய்விட்டாய். எந்தப் பிரிவில் ஆடினாலும் உன் மூலையில் குரல் கொடுக்க ஒருவன் இருக்கிறான்.

அம்மா இதைப் படிக்கமாட்டார், அக்கா படித்துச் சொல்வாள். வடை வாசம் நிறைந்த கடைக்குள் எடை குறைக்கும் மகனுக்கென்று தனிச் சட்டியில் காய் வேகவைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை தானும் வேறு எதையும் தொடமாட்டார். என் சண்டை எதையும் அவர் பார்த்ததில்லை. இறுதிப் போட்டிக்கு வந்தார். மூன்று ரவுண்டும் கண்ணை மூடிக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்திருந்தாராம், ஒவ்வொரு மணிக்கும், "நிற்கிறானா?" என்று மட்டும் கேட்டாராம்.

மூன்றாவது ரவுண்டின் கடைசி நிமிடத்தில் அந்த ஹூக் வந்தது. ஆள் வேறு, குத்து அதே குத்து. நான் அதைப் பார்க்கவில்லை. கன்னத்தோடு ஒட்டியிருந்த என் வலது கிளவுஸில் அது மோதிய சத்தத்தைத்தான் கேட்டேன். கூட்டத்தில் யாரும் அதைக் கவனித்திருக்க வாய்ப்பில்லை. தடுத்த குத்துக்கு யார் கை தட்டுவார்கள்? ஆனால் மூலையில் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஐந்து நீதிபதிகளில் நால்வர் எனக்குக் கொடுத்தார்கள்.

சாக்பீஸ் பிடித்த தம்பிக்கு இப்போது 14 வயது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அவனுடைய முதல் போட்டி. அந்தக் கைக்குட்டையைக் கேட்டான். எனக்கு இன்னும் அது தேவைப்படுகிறது, வேறு புதிது வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முடிந்தவர்கள் எல்லோரும் வாருங்கள். அவன் மூலையில் வாத்தியார் இருப்பார். வாளியும் துண்டும் நான் பிடித்திருப்பேன்.

உங்கள் பிள்ளை,
காசிமேடு