எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். அறுவைக்கு முன்பு நோயாளியை மருத்துவ உளவியலாளர்களான எங்களிடம் ஒருமுறை அனுப்புகிறீர்கள். மனதளவில் அறுவைக்குத் தயார் என்ற ஃபிட்னஸ் சீட்டு கைக்கு வந்ததும் எங்கள் வேலை முடிந்தது. அப்புறம் எடை, ரத்தப் பரிசோதனை, வைட்டமின் மாத்திரை மட்டும்தான். பலருக்குச் சாப்பாட்டுச் சிக்கல் தலைதூக்குவதே அதன் பிறகுதான்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறீர்கள். அந்த நோயாளியிடம் போய் "ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? வயிற்றில் இடமே இல்லையே! 2013இல் வந்த அமெரிக்க மனநலக் கையேடான டிஎஸ்எம்-5, மிகையுண்ணல் கோளாறு என்று சொல்ல அளவும் அதிகமாக இருக்க வேண்டும் என்கிறது. 2022 முதல் நடைமுறையில் உள்ள, உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 அளவை அவ்வளவு வற்புறுத்துவதில்லை. கேட்க வேண்டியது வேறு: "போதும் என்று நினைத்தும் நிறுத்த முடியாமல் போகிறதா?" ஒன்றரை இட்லியிலும் அது நடக்கும்.

கொறிப்பது இன்னொரு பக்கம். சப்பாத்தியும் மட்டனும் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும்; மிக்சரும் ஐஸ்கிரீமும் சுலபமாக இறங்கிவிடும். காலையிலிருந்து இரவு வரை ஒவ்வொரு கையாக மிக்சர் போகிறது. நம் வீடுகளில் அதை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள்? டயட்டீஷியனின் நோட்டிலும் அது ஏறுவதில்லை.

வாந்தி என்று மூன்று பேர் வருவார்கள். ஒருவர் அவசரமாக விழுங்கியவர். ஒருவருக்கு உணவு இறங்கும் பாதை சுருங்கியிருக்கும். அவருக்கு எண்டோஸ்கோபி வேண்டும். மூன்றாமவர் எடை திரும்பிவிடுமோ என்ற பயத்தில் தானே விரலை விட்டு எடுப்பவர். கேஸ் ஷீட்டில் மூன்றும் ஒரே சொல்தான். தொடர் வாந்தியில் வைட்டமின் பி1 வற்றிப்போனால் மூளையே பாதிக்கப்படும். ஆகவே இதை வெறும் மனப் பிரச்சினை என்று ஒதுக்க வேண்டாம். எடை மளமளவென்று இறங்குகிறது என்று நீங்கள் பாராட்டுபவர்களிலும், சாப்பிடவே பயந்து கிடப்பவர் இருக்கலாம்.

ஆறாம் மாதம், ஓராண்டு, இரண்டாண்டு பரிசோதனைகளில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிப்பாக இரண்டாம் ஆண்டு. எடை மெல்ல ஏறத் தொடங்குவது பெரும்பாலும் அதை ஒட்டித்தான். நோயாளியைத் தனியாகப் பேச விடுங்கள். கணவரும் மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் "நல்லா சாப்பிடறேன் டாக்டர்" என்ற பதில்தான் கிடைக்கும். இந்த அறுவைக்கென்றே மாற்றியமைத்த நேர்காணல் முறையும் இருக்கிறது. அதற்கான கட்டணத்தை பேக்கேஜிலேயே சேர்த்துவிட்டால், தனியாகச் செலவு என்று யாரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள். நேரமில்லையா, சரி: நிறுத்த முடிகிறதா, வாந்தி தானாக வருகிறதா என்ற இரண்டை மட்டும் உங்கள் டயட்டீஷியன் திட்டாமல் கேட்கட்டும். பதில் சந்தேகமாக இருந்தால் எங்களிடம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ உளவியலாளர்