ஆண்டு விழாப் பாட்டுகள் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டிலும் ஓவியத்திலும் பிள்ளைகள் பரிசுகள் வாங்கி வந்திருக்கிறார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், ஆண்டு விழா. இந்த முறை தமிழ்த் திரையிசையைத் தலைமுறை வாரியாகப் பிள்ளைகள் பாடி ஆடப் போகிறார்கள். பாட்டுப் பட்டியல் வந்ததிலிருந்து உங்களில் சிலருக்கு மனக்குறை. "பழைய பாட்டுக்கு யார் கைதட்டுவார்கள், இந்த வருஷத்து ஹிட் பாட்டைப் போடுங்கள்" என்கிறீர்கள். தன் பிள்ளை மேடையில் கைதட்டு வாங்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. எனக்கும் அதே ஆசைதான்.

தினமும் காலை வழிபாட்டில் உங்கள் பிள்ளை பாடுகிற 'நீராருங் கடலுடுத்த' பாட்டுக்கு மெட்டமைத்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். மெட்டமைத்தவர் யார் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் கேட்டபோது ஒரு கைகூட உயரவில்லை. அன்று மாலையே இசையாசிரியரும் நானும் இந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்தோம்.

எம்.எஸ்.வி., இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமனிடம் உதவியாளராக இருந்தவர். 1952இல் சுப்பராமன் இளம் வயதிலேயே இறந்துவிட, அவர் பாதியில் விட்ட படங்களை வயலின் கலைஞர் டி.கே.ராமமூர்த்தியோடு சேர்ந்து முடித்துக் கொடுத்தார். இளையராஜா, இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் தொழில் பழகியவர். 1976இல் 'அன்னக்கிளி'யில் கிராமத்து மெட்டுகளைத் திரைக்குக் கொண்டுவந்தார். அவருக்குக் கீபோர்டு வாசித்த பையன்தான் 1992இல் 'ரோஜா'வுக்கு இசையமைத்த ஏ.ஆர்.ரஹ்மான். ஒவ்வொருவர் கையிலும் ஒலி அடியோடு மாறியது, மரியாதை மாறவில்லை. இளையராஜா 1986இல் எம்.எஸ்.வி.யுடன் சேர்ந்தே 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு இசையமைத்தார். ரஹ்மான் 'சங்கமம்' படத்தில் எம்.எஸ்.வி.யைப் பாட வைத்தபோது பெரியவருக்கு வயது 70ஐ ஒட்டியிருந்தது. அந்தக் குரலை ஒருமுறை வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேளுங்கள்.

நம் நிகழ்ச்சி 1944இல் வந்த 'ஹரிதாஸ்' படத்தின் எம்.கே.தியாகராஜ பாகவதர் பாட்டில் தொடங்குகிறது. அனிருத் பாட்டும் உண்டு, கடைசியில். பிள்ளைகள் ஆசை தீர ஆடட்டும்.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரவு 10 மணிக்கு இசையாசிரியருக்குப் போன் செய்து பாட்டை மாற்றச் சொல்வதும், ஒத்திகை நடக்கும்போதே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதும் சரியில்லை. மூன்று பேர் பாதியில் போனதால் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் முதலிலிருந்து பழக வேண்டியதாயிற்று. பாதியில் போனவர்களில் ஒரு பெண் அழுதுகொண்டே போனாள். பட்டியல் மாறாது. குறை இருந்தால் மாலை 5 மணிக்கு மேல் என் அறைக்கு வாருங்கள், பேசுவோம்.

அந்த மூன்று பிள்ளைகளின் இடமும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நாளைக்கே அனுப்பி வையுங்கள்.

நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாத்தா தன் ஆர்மோனியத்தைத் தந்ததோடு, இரண்டு சனிக்கிழமை வந்து பாகவதர் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். உடைகள் தைத்துத் தரும் அம்மாக்கள், ஒத்திகை முடியும்வரை வாசலில் பொறுமையாகக் காத்திருக்கும் பெற்றோர், உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

ஒத்திகை தினமும் 3.30 முதல் 5 மணி வரை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்