பழுதின் காரணத்தையும் பட்டியலில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

புதிதாக விற்பனைக்கு வரும் வண்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கம் விரிவாக எழுதுகிறது. பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடித் தேய்ந்த பிக்கப் வண்டியில் அன்றாடம் சுமையேற்றிப் பிழைப்பவர்களுக்கு அப்பக்கத்தில் இதுவரை இடம் கிடைக்கவில்லை என்ற குறையோடு இதை எழுதுகிறேன். நானும் அவர்களில் ஒருவன். என் வண்டி டீசலில் ஓடுவது. ஏணி வடிவச் சேசிஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக் என்ற எளிய அமைப்பு கொண்டது. அதற்கு ஆன பழுதுச் செலவுப் பட்டியல்கள் அனைத்தையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன். அண்மையில் அவற்றை வரிசையாக எடுத்துப் படித்தபோது ஒன்று தெளிவாயிற்று: பெரிய தொகை எழுதப்பட்டிருந்த ஒவ்வொரு பட்டியலுக்கும் முன்னால், செய்யாமல் விட்ட ஒரு சிறு வேலையோ, காரணம் தேடாமல் மாற்றிய ஒரு பாகமோ இருந்தது.

பின் பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பின்சக்கரம் பிரேக் பிடிக்காமல் போக, டிரம்மைக் கழற்றிப் பார்த்தால், அதன் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ முழுவதும் எண்ணெய் ஊறியிருந்தது. சக்கர அச்சின் முனையில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வளையமான ஆக்சில் சீல் கசிகிறது என்று சொல்லிச் சீலை மாற்றினார்கள். எண்ணெய் குடித்த ஷூவை எவ்வளவு கழுவினாலும் பழைய பிடிப்பு வராது என்பதால் இரு பக்கத்துக்கும் புதிய ஷூ போட்டார்கள். சில மாதங்களில் மீண்டும் அதே கசிவு, மீண்டும் அதே செலவு. மூன்றாம் முறை வேறொரு மெக்கானிக், சக்கரத்தைத் தொடுவதற்கு முன்பே வண்டிக்கு அடியில் படுத்து, ஆக்சில் குழாயின் மேற்புறத்தில் உள்ள சிறிய காற்றுத் துளையைப் பார்த்தார். அது சேற்றால் அடைத்து இறுகிக் கிடந்தது. வண்டி ஓட ஓட, பின் அச்சின் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் எண்ணெய் சூடேறி உள்ளிருக்கும் காற்று விரியும்போது, அது வெளியேற வேண்டிய வழி அடைபட்டிருந்தால், அந்த அழுத்தம் எண்ணெயைச் சீலின் விளிம்பு வழியாகச் சக்கரத்துக்குள் தள்ளிவிடும் என்று அவர் விளக்கினார். துளையைச் சுத்தம் செய்யக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு போட்ட சீல் இன்றுவரை கசியவில்லை. முதல் இரண்டு முறையும் மாற்றப்பட்ட பாகங்கள் தரமற்றவை அல்ல, வேலையும் மோசமில்லை. ஏன் கசிந்தது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு என் கவனக்குறைவால் நேர்ந்தது. ரேடியேட்டர் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்து, தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டி வந்தேன். ஒரு நாள் சுமையோடு மேட்டில் ஏறும்போது வெப்பமானியின் முள் உயர்ந்தது. சற்று நேரத்தில் தானாகவே இறங்கியது. என்ஜின் ஆறிவிட்டது என்று எண்ணி ஓட்டினேன். உண்மையில் தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டதால், அதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய சுடுநீர் அங்கே இல்லாமல் போயிருந்தது. பழைய வண்டி வைத்திருக்கும் எவரும் இதை மறக்கக் கூடாது: சூடேறிய என்ஜினில் முள் திடீரென்று கீழே விழுந்தால், உடனே ஓரம் கட்டி நிறுத்த வேண்டும்.

சிலிண்டர்கள் உள்ள இரும்பு பிளாக்கின் மேல், அவற்றை மூடும் அலுமினிய ஹெட் பொருத்தப்பட்ட என்ஜின் அது. ஒரே வெப்பத்துக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவு மீறிச் சூடேறும்போது, போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட ஹெட் விரிய இடமின்றி வளைந்துவிடும். அந்த வளைவு கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வளைந்தாலே, இரண்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடான கேஸ்கெட் சரியாக அடைக்காது. தண்ணீர் எண்ணெயில் கலந்து பால் போலாகும். ஹெட்டை இறக்கி, லேத்தில் கொடுத்துச் சமன் செய்து, வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்து, கேஸ்கெட் செட், ஹெட் போல்ட்டுகள், எண்ணெய், ஃபில்ட்டர் என எல்லாம் புதிதாக வாங்கியபோது ஆன தொகை, அந்தக் கிளாம்பின் விலையைப் போல நூறு மடங்கையும் தாண்டியது. அத்தனைக்குப் பிறகும் ரேடியேட்டர் மூடியை மாற்றாமல் பழையதையே போட்டிருந்தார்கள். நல்ல மூடி உள்ளே ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். ஸ்பிரிங் நைந்த மூடியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. நான் கவனித்துக் கேட்ட பிறகே அது மாற்றப்பட்டது.

கிளட்ச் விஷயத்தில் கணக்கு வேறு மாதிரியானது. என்ஜின் வேகம் ஏறியும் வண்டி அதற்கேற்ப இழுக்காவிட்டால் பெரும்பாலும் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். கியர்பாக்ஸை இறக்காமல் அதை மாற்ற முடியாது என்பதால், செலவில் பெரும் பங்கு கூலிக்கே போகிறது. தட்டை மட்டும் மாற்றி, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் பழையதாகவே விட்டுவிடுவது மிச்சம் போலத் தெரியும். ஆனால் அந்தப் பேரிங் சில மாதங்களில் இரைச்சலிடத் தொடங்கினால், அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டும். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே என்ஜினின் பின் ஆயில் சீலையும் பார்த்துக் கசிந்தால் மாற்றிவிடுவதே விவேகம். வால்வுகளைப் பிஸ்டன்களோடு இசைவாக இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது, அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். அந்தப் பெல்ட்டைப் பொறுத்தவரை, வண்டி குறைவாகத்தான் ஓடியிருக்கிறது என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. ரப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும். டீசல் என்ஜினில் அது அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதி, பழுது ஹெட்டோடு நிற்காமலும் போகலாம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். கரும்புகை வந்தவுடன், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றச் சொல்பவர்கள், முதலில் அடைபட்ட ஏர் ஃபில்ட்டரைப் பார்க்கட்டும். ஸ்டார்ட்டர் சுழல மறுத்தால் புதிய பேட்டரி, அதுவும் பயனில்லையென்றால் புதிய ஸ்டார்ட்டர் என்று வாங்கி அடுக்கியபின், என்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையே மின்சாரம் திரும்பும் வழியான எர்த் பட்டை துருப்பிடித்திருந்ததைக் கண்டவர்களை அறிவேன். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது அது 14 வோல்ட்டை ஒட்டி உயர வேண்டும். எளிய மீட்டர் ஒன்றால் அளந்துவிடக்கூடிய இதை அளக்காமலே பேட்டரி மாற்றப்படுகிறது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வண்டி அதிர்ந்தால் டயர் பேலன்ஸ் செய்துவிட்டு ஓய்ந்துவிடாமல், பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸையும் நடு பேரிங்கையும் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும்; உரிய காலத்தில் கிரீஸ் ஏற்றியிருந்தால் கிராஸ் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்திருக்காது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் கலந்தபின் அந்த வரம்பு 140 டிகிரியாகத் தாழ்ந்துவிடுகிறது. சுமையோடு நீண்ட இறக்கத்தில் வருபவருக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை.

பழைய வண்டிக்குச் செலவழிப்பது வீண் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. பழுதுத் தொகையை வண்டியின் இன்றைய விற்பனை விலையோடு ஒப்பிடுவது தவறான கணக்கு. அந்தப் பழுது எத்தனை ஆண்டு உழைக்கும், அதே சுமையை வேறொரு வண்டியில் ஏற்ற என்ன ஆகும் என்பதோடு ஒப்பிட வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. சேசிஸ் உள்ளிருந்து துருப்பிடித்து, பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சுத்தியலால் தட்டினால் மணியோசைக்குப் பதில் மந்தமான ஓசை எழுந்தால், என்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவ்வண்டியில் பணம் போடுவதை நிறுத்திவிட வேண்டும். வண்டியை வாங்குபவர்கள் பலரும் என்ஜின் ஓசையைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அடியில் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

பட்டறைக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. காரணத்தைத் தேட இரண்டு மணி நேரம் செலவிட்டு, கடைசியில் ஒரு துளையைச் சுத்தம் செய்து கொடுத்தால், அதற்குக் கூலி தர எங்களில் பலருக்கு மனம் வருவதில்லை. புதிய பாகத்தைக் கையில் காட்டினால்தான் பணம் எடுக்கிறோம். ஆகவே சோதனைக்கான கூலி தனியாகக் குறிக்கப்பட வேண்டும், நாங்களும் அதை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். பாகத்தின் விலை, மாற்றும் கூலி ஆகியவற்றோடு, பழுது ஏன் நேர்ந்தது என்பதைப் பட்டியலில் ஒரு வரியாக எழுதித் தரும் வழக்கம் வர வேண்டும். காரணம் தெரியவில்லையென்றால் தெரியவில்லை என்றே எழுதட்டும். அடுத்து அந்த வண்டியைத் தொடும் மெக்கானிக்குக்கு அதுவும் பயன்படும். கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடம் காட்டுவதும் அதனோடு சேரட்டும்.

தங்கள் வாகனப் பக்கத்தில் மாதம் ஒரு முறையேனும் அரைப் பக்கம் ஒதுக்கி, அனுபவமுள்ள மெக்கானிக்குகள் தாங்கள் கண்ட ஒரு பழுதையும் அதன் காரணத்தையும் எழுத வாய்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் முதலாவதாக, பின் ஆக்சிலின் காற்றுத் துளை எங்கே இருக்கிறது என்பதைப் படத்தோடு வெளியிட்டால், பலருக்கும் ஒரு செட் பிரேக் ஷூவின் செலவு மிச்சமாகும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
பழைய பிக்கப் வண்டி ஒன்றின் உரிமையாளர்