நோய் எதிர்ப்புச் சக்தி விற்பனை: வன்னியின் சுகாதாரப் பகுதியினர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்கட்கு,

மாரி தொடங்கிவிட்டால் வன்னியில் காய்ச்சலும் தொடங்கிவிடுகிறது. டெங்கு ஒரு பக்கம், எலிக்காய்ச்சல் இன்னொரு பக்கம், பிள்ளைகளுக்குத் தடிமனும் வயிற்றோட்டமும் வேறு. மக்களின் இந்தப் பயத்தையே முதலாக்கி, நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்ற உறுதிமொழியோடு சத்துமாக்களும் பாணிகளும் குளிசைகளும் சந்தைகளில் மட்டுமன்றி வீடு வீடாகவும் விற்கப்படுவதைப் பற்றித் தங்கள் பத்திரிகை வாயிலாக எழுதுவது, தாய்சேய் நலப் பணியில் நெடுங்காலம் இருந்தவள் என்ற வகையில் என் கடமையென எண்ணுகிறேன்.

உணவு நோய் எதிர்ப்புக்கு உதவாதென்று நான் சொல்ல வரவில்லை. உடலின் எதிர்ப்புக் கலங்களிற் பெரும்பகுதி குடலை அண்டியே இருக்கிறது. அவை பெருகுவதற்கும் தம் வேலையைச் செய்வதற்கும் புரதம், இரும்பு, சிங்க் எனப்படும் நாகச்சத்து, விற்றமின் ஏ, சி, டி முதலியன வேண்டும். குறைபாடு உள்ள இடத்தில் அந்தச் சத்தைக் கொடுத்தால் பலன் பெரிது. இந்தோனேசியாவின் ஆச்சேயில் விற்றமின் ஏ வழங்கப்பட்ட கிராமங்களின் சிறுவரிடையே மரணங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்ததாக அமெரிக்கக் கண் வைத்தியரான அல்பிரட் சொமரும் அவருடன் பணியாற்றியோரும் 1986இல் அறிவித்தனர். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகளுக்கு 10 முதல் 14 நாட்களுக்கு நாகச்சத்துக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004இல் பரிந்துரைத்தன. நன்மை தரும் பக்டீரியாக்கள் பற்றிய பேச்சும் வெறும் விளம்பரமன்று: இந்தியாவின் ஒடிசாவில் 4,500க்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், அத்தகைய பக்டீரியாவைப் பெற்ற குழந்தைகளிடம் இரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்து 9 வீதத்திலிருந்து 5.4 வீதமாகக் குறைந்திருந்தன. ஆனால் அது குறிப்பிட்ட ஒரு பக்டீரியா வகை, குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட வயதினருக்குக் கொடுக்கப்பட்டது. அந்தப் பெயரைப் பேணியில் அச்சடித்த எந்த மாவுக்கும் அப்பலன் உரியதாகிவிடாது.

குறைபாடு இல்லாதவருக்கு மேலும் மேலும் கொடுத்தால் என்ன நடக்கும்? விற்றமின் சியை நாள்தோறும் எடுத்தவர்களிடம் நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2013இல் பார்த்தபோது, பொதுமக்களுக்குத் தடிமன் வருவது குறையவில்லை. வந்த தடிமன் நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களில் 8 வீதமும் சிறுவரில் 14 வீதமும் குறைந்தது. இவ்வளவுதான் உண்மை, இதற்கு மேல் சொல்பவர் விற்பனைக்காகச் சொல்கிறார்.

அண்மையில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு வயற்காரர் வீட்டில் அத்தகைய மாப்பேணி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முன்புறம் கேடயம் ஏந்திய சிறுவனின் படம். பின்புறம் தமிழில் ஒரு வரிகூட இல்லை. உட்பொருட்களைச் சொல்லும் சிற்றெழுத்துகளில் சீனியே முதலாவதாக இருந்தது. அன்றாடம் குடிக்கும்படி சொல்லப்பட்ட அளவில் உள்ள விற்றமின் சி, ஒரு கொய்யாப்பழத்தில் இருப்பதிலும் குறைவு. இதற்காக அக்குடும்பம் முட்டை வாங்குவதை நிறுத்தியிருந்தது. அதைவிடப் பெரிய ஆபத்து, மாவைக் குடிப்பதால் எலிக்காய்ச்சல் அண்டாதென்று நம்பி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வயலில் இறங்குவோருக்குக் கொடுக்கும் டொக்சிசைக்ளின் குளிசையை அவர் வாங்காமல் விட்டதுதான். எலியின் சிறுநீர் கலந்த வயல்நீர் காலிலுள்ள சிறு வெடிப்பின் வழியாக உடலுக்குள் கிருமியைக் கொண்டுபோகும்போது எந்தச் சத்துமாவும் அதனைத் தடுத்து நிறுத்தாது. அவரை அன்றே பணிமனைக்கு அனுப்பிவைத்தோம்.

எமது மண்ணில் இச்சத்துகளுக்குப் பஞ்சமில்லை. வேலியில் நிற்கும் முருங்கையின் இலையைத் தேங்காய்ப்பூவோடு வறுத்து வறையாக்கினால், இலையிலுள்ள விற்றமின் ஏயின் மூலச்சத்தைத் தேங்காயின் கொழுப்பு உடலிற் சேரச் செய்கிறது. எங்கள் அம்மம்மாமார் ஆய்வுகூடம் கண்டு அப்படிச் சமைக்கவில்லை. பயறையும் கௌபியையும் ஊறவைத்து முளைக்கவிட்டால் நாகச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் பொருள் குறைகிறது. முட்டியில் உறையும் எருமைத் தயிர், முல்லைத்தீவுக் கரையின் சிறுமீன், பருவத்தில் நெல்லியும் கொய்யாவும் என்று எவ்வளவோ இருக்கின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியின் பின் மீனையும் முட்டையையும் குறைத்துக்கொண்ட வீடுகளில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தால், பணம் போகவேண்டிய இடம் அந்தச் சாப்பாட்டுத் தட்டுத்தான்.

இன்னுமொன்று. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியுள்ள மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. விற்றமின் சியை மிகை அளவில் உட்கொண்டால் அது ஒட்சலேற்றாக மாறிச் சிறுநீரகத்தில் கல்லாகப் படியலாம். மூலிகைக் குளிசைகள் சிலவற்றில் ஈயம் முதலிய பார உலோகங்கள் வெவ்வேறு நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளன. ஏற்கனவே சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் வைத்தியரைக் கேளாமல் இவற்றைத் தொடவே கூடாது.

உடல்நலத்துக்குக் குறிப்பிட்டதொரு பலன் தருமென்று சொல்லி விற்கப்படும் செயற்பாட்டு உணவுகளுக்கு ஜப்பான் 1991இலேயே அனுமதி முறையொன்றை ஏற்படுத்தி, ஆதாரம் காட்டினால் மட்டுமே உடல்நலன் பற்றிய கூற்றை உறையில் எழுதலாமென்று வைத்தது. எமது நாட்டிலும் பிழையான வழியிற் செலுத்தும் உணவு விளம்பரங்களைத் தடுக்க 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருட்களைப் பதிவுசெய்ய, 2015இல் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. எனவே, பெரும்போக விதைப்புக்கு முன்னரே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சந்தைகளிலும் வீடு தேடிவரும் முகவர்களிடமும் இப்பேணிகளை எடுத்து, பதிவிலக்கமும் தமிழில் விவரமும் உள்ளனவா என்று பரிசோதிக்க வேண்டுமெனவும், நோய் தடுக்கும் என்று சொல்லி விற்போர்மீது வழக்குத் தொடர வேண்டுமெனவும், 2022இல் தட்டுப்பாடான, அரசு இலவசமாக வழங்கும் திரிபோஷச் சத்துமா இனியொருபோதும் எமது தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் தடைப்படாதவாறு மாகாணச் சுகாதாரத் திணைக்களம் முற்கூட்டியே கையிருப்பை உறுதிசெய்ய வேண்டுமெனவும் வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
முல்லைத்தீவு மாவட்டம்.