மாமியாரைப் பார்த்துக்கொண்டதும் அனுபவம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் ‘நர்சிங் அசிஸ்டென்ட் தேவை, 2 வருட அனுபவம் அவசியம்’ என்று அடிக்கடி பார்க்கிறேன். முதல் வேலையை யாருமே கொடுக்காவிட்டால் அந்த 2 வருடம் எங்கிருந்து வரும்? படுத்த படுக்கையாகக் கிடந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்த பெண்கள் வடசென்னையில் எத்தனையோ பேர். அந்தக் கைப்பழக்கத்தை ஆஸ்பத்திரிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பதுதான் என் குறை.

நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸில் இருந்தவள். மாமியாருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்ததும் வேலையை விட்டேன். ஸ்டான்லியில் (எங்கள் ஏரியாப் பெரியவர்களுக்கு அது இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதான்) அத்தை இருந்தபோது வார்டு சிஸ்டர் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், குதிகாலும் வால் எலும்புப் பக்கமும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கணும், மூக்குக் குழாயில் கஞ்சி விடும்போது தலைமாட்டை உயர்த்தணும், விட்டு முடித்ததும் உடனே படுக்க வைக்கக் கூடாது. அத்தை போன பிறகு கடைக்குத் திரும்ப மனசில்லை. இந்த வேலைக்கே போகலாம் என்று கிளம்பினேன்.

பல இடங்களில் ரிசப்ஷனைத் தாண்டவே விடவில்லை. ஒரு சின்ன நர்சிங் ஹோமில் மட்டும் இன்சார்ஜ் சிஸ்டர் வெளியே வந்து, “பேஷன்ட் படுத்திருக்கும்போதே பெட்ஷீட் மாத்தத் தெரியுமாம்மா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். உள்ளே கூட்டிப்போய் ஒரு பெரியவரைக் காட்டினார். அவரிடம் சொல்லிவிட்டு ஒருக்களித்துத் திருப்பினேன். பழைய விரிப்பை முதுகு வரைக்கும் நீளவாக்கில் சுருட்டி, புதியதைப் பாதி விரித்து ஓரத்தைச் செருகி, அவரை இந்தப் பக்கம் உருட்டி, மறுபாதியை இழுத்துச் சுருக்கம் இல்லாமல் தடவிவிட்டேன். சுருக்கம் அழுத்தினால் அதுவே புண்ணாகும். வீட்டில் பழைய நூல் சேலையை வைத்து அத்தைக்குச் செய்ததுதான். சிஸ்டர் விரிப்பைப் பார்க்கவில்லை, யூரின் பேக்கைப் பார்த்தார். திருப்புவதற்கு முன்பே அதை மறுபக்கம் மாற்றி, இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டிருந்தேன். “திங்கட்கிழமை டூட்டிக்கு வந்துடு” என்றார். இப்படி ஆளைப் பார்த்து எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

வேலை தேடும் பெண்களுக்குச் சொல்கிறேன். ரிசப்ஷனில் பயோடேட்டாவைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், நர்சிங் இன்சார்ஜைப் பார்க்கணும் என்று கேளுங்கள். காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் போனால் ஒருவரும் நின்று பேச மாட்டார்கள், மதியத்துக்கு மேல் போங்கள். ‘ஏதாவது வேலை இருந்தா குடுங்க’ என்றால் தட்டிக்கழிப்பார்கள். என்னென்ன செய்யத் தெரியும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பி.பி. பார்க்கவும் சார்ட் எழுதவும் பழகணும் என்றால் அரசுத் திறன் பயிற்சித் திட்டங்களில் ஜி.டி.ஏ. (ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட், அதாவது நோயாளி பராமரிப்பு உதவியாளர்) கோர்ஸ் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சியும் அதில் உண்டு.

ஒரு ஏஜென்சியில் டெபாசிட் கட்டு, மார்க் ஷீட் ஒரிஜினலைக் கொடு என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். ஜெராக்ஸுக்கு மேல் எதையும் கொடுக்காதீர்கள். அப்புறம், ஒரு வருடத்தில் நர்ஸ் ஆக்குகிறோம் என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸையும் நம்பவேண்டாம். நர்சிங் படிப்புகளில் ஏ.என்.எம். 2 வருடம், ஜி.என்.எம். 3 வருடம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகப் பதிவதற்கு இந்த மாதிரி முறையான படிப்பு வேண்டும். நாம் உதவியாளர்கள்தான். ஆள் இல்லை, நீயே ஊசி போடு என்று யாராவது சொன்னால், எனக்குத் தெரியாது சிஸ்டர் என்று தைரியமாகச் சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கணும். ரத்தம் தோய்ந்த பஞ்சை மஞ்சள் பையிலும் டியூப், யூரின் பேக்கைச் சிவப்புப் பையிலும் போடுவது எங்கள் கைதான். இந்தக் கழிவைத் தொடுகிற எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடவேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் நான் பார்த்த வரையில், புது ஆள் என்றால் ‘நிலைச்சு நிக்கிறாங்களான்னு பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். ஹெபடைட்டிஸ் பி 3 டோஸ், முடிய 6 மாதம் ஆகும். முதல் டோஸை வேலைக்குச் சேர்ந்த வாரமே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, கொருக்குப்பேட்டை