குட்டி நாய்க்குக் கொடுப்பது லஞ்சமன்று, கூலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியைக் கடந்த ஐந்து மாதங்களாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நான் சொன்னதும் எங்கள் வீட்டு நாய்க்குட்டி உட்காரும். உட்கார்ந்ததும் நான் ஒரு சிறு கோழித்துண்டு கொடுப்பேன். அதைப் பார்க்கும் உறவினர்களும் அண்டை வீட்டாரும் சொல்வது இது.

சென்ற வாரம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒருவர், நான்கு மாதம்கூட நிறைந்திராத தம் குட்டியைச் சங்கிலியால் வெடுக்கென்று இழுத்து, சுருட்டிய செய்தித்தாளால் முகத்தில் அடித்தார். காலையில் அது வீட்டுக்குள் சிறுநீர் கழித்துவிட்டதாம். காலையில் செய்ததற்கு மாலையில் அடி. எதற்கு அடி விழுகிறது என்றே அதற்குத் தெரியாது. நான் தடுத்தபோது, “லஞ்சம் கொடுத்து வளர்த்தால் நாய் தலைமேல் ஏறிவிடும், அக்கா” என்றார். அன்று எனக்கு வார்த்தை வரவில்லை. மனம் பொறுக்காமல் இப்போது எழுதுகிறேன்.

என் மகள் வாங்கி வந்தது மினியேச்சர் ஷ்னாசர் குட்டி. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வளர்க்க அனுமதி உள்ள சிறிய வகைகளில் ஒன்று. கறுப்பும் வெள்ளையும் கலந்த நிறத்தைப் பார்த்துப் பேத்தி ‘மிளகு’ என்று பெயர் வைத்தாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவதால் பகல் முழுவதும் மிளகு என் பொறுப்பு. மருத்துவமனைச் சமையலறை ஒன்றில் 22 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒவ்வொரு நோயாளிக்கும் எடைபோட்டுத் தட்டில் வைத்துப் பழகிய கை இது.

முதல் இரண்டு வாரம் நானும் அதட்டித்தான் பார்த்தேன். கூடத்தில் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் சத்தம் போட்டேன். மிளகு கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: பாட்டியின் கண்ணில் படாமல் போக வேண்டும். சோபாவுக்குப் பின்னால் போய்க் கழிக்கத் தொடங்கியது. பிறகு வழியை மாற்றினேன். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் தூக்கிக்கொண்டு போய் அதற்குரிய விரிப்பில் விட்டேன். கழித்து முடித்த அந்தக் கணமே ‘சபாஷ்’ என்று சொல்லி, அங்கேயே ஒரு துண்டு கொடுத்தேன். பத்தே நாளில் தானாக விரிப்பைத் தேடி ஓடியது.

‘அந்தக் கணமே’ என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஓரிரு விநாடிக்குள் கொடுத்தால்தான் எந்தச் செயலுக்கு அது கிடைத்தது என்று குட்டிக்குப் புரியும். உட்கார்ந்த குட்டியைக் காக்க வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து, டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்தால், அதற்குள் அது எழுந்து நம் காலில் தாவியிருக்கும். தாவியதற்குத்தான் நாம் கூலி கொடுத்தவர்கள் ஆவோம். இதற்காகவே ‘சபாஷ்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறேன். பின்பக்கம் தரையைத் தொட்டதும் வாய் சொல்லிவிடும். கை பின்னால் வரும்.

லஞ்சத்துக்கும் கூலிக்கும் உள்ள வேறுபாடு எளிமையானது. வேலைக்கு முன்பே காட்டி மயக்குவது லஞ்சம். முடிந்தபின் கொடுப்பது கூலி. தொடக்கத்தில் மட்டும் துண்டைக் குட்டியின் மூக்கருகே பிடித்து மெல்லத் தலைக்குமேல் பின்னோக்கி நகர்த்தினேன். மூக்கு மேலே போக, இடுப்பு தானாகத் தரையில் இறங்கியது. நான்கைந்து முறைக்குப் பின் வெறுங்கையால் அதே சைகையைச் செய்தேன். துண்டு இன்னொரு கையிலிருந்து வந்தது. கையில் துண்டு தெரிந்தால்தான் உட்காரும் என்ற பழக்கம் வராமல் இருக்க இந்த மாற்றத்தைச் சீக்கிரமே செய்துவிட வேண்டும். இப்போது வீட்டுக்குள் எல்லா முறையும் தருவதில்லை. சில முறை துண்டு, சில முறை தடவல். ‘சபாஷ்’ மட்டும் ஒருநாளும் தவறாது.

எங்கள் தளத்தில் மலாய்க்காரப் பெரியம்மா ஒருவர் இருக்கிறார், ‘மக்சிக்’ என்று அழைப்போம். நாயின் எச்சில் படுவதை அவர் சமயம் காரணமாகத் தவிர்க்க வேண்டியவர். முன்பு மின்தூக்கிக் கதவு திறந்து, உள்ளே மிளகு இருப்பதைக் கண்டால் “பரவாயில்லை, நீங்கள் போங்கள்” என்று பின்வாங்கிவிடுவார். சந்தையிலிருந்து இரண்டு கை நிறையப் பைகளோடு அவர் காத்து நின்றதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. ஆறு வாரம், ஒரு நாளைக்கு இருமுறை, மின்தூக்கியின் மூலையில் என் இரு கால்களுக்கும் இடையே மிளகை உட்கார வைத்துப் பழக்கினேன். கதவு திறக்கும் மணி அடித்ததும் அது வெளியே பார்க்காமல் என் முகத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் துண்டு. இன்று மக்சிக் உள்ளே வருகிறார். மீசை நடுங்க, வால் தரையைப் பெருக்க, கண்ணை என்னிடமிருந்து எடுக்காமல் அது உட்கார்ந்திருக்கிறது. பிரம்பால் இதைச் சாதிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். நம் நாட்டின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவும் நாய்களைத் துன்புறுத்தாத பயிற்சி முறைகளையே பரிந்துரைக்கிறது.

அளவு விஷயத்தில் மட்டும் மற்றவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கணக்கில்லாமல் கொடுத்தால் குட்டி பருத்துவிடும். ஒரு நாள் உணவின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குமேல் தின்பண்டமாகப் போகக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. மிளகு மூன்று கிலோ இருந்தபோது அதற்கு நாளுக்கு ஏறத்தாழ 320 கலோரி தேவைப்பட்டது. அதில் பத்தில் ஒரு பங்கு என்றால், தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியில் சுமார் 20 கிராம்தான். உப்பு, மசாலா எதுவும் சேர்க்காமல் ஆவியில் வேகவைத்து, பட்டாணியைவிடச் சிறிதாக 60 துண்டு போடுவேன். குட்டிக்குத் துண்டின் எண்ணிக்கைதான் கணக்கு, பருமன் அன்று. வீட்டுக்குள் எளிய பயிற்சிக்கு அதன் உலர் உணவிலிருந்தே ஒரு பிடி எடுத்து வைத்துக்கொள்வேன். மைனாவும் பூனையும் திரிந்து கவனத்தைக் கலைக்கும் கீழ்த்தளத்துக்குத்தான் கோழி. ஷ்னாசர் வகைக்குக் கொழுப்பு மிகுந்த உணவால் கணைய அழற்சி வரும் ஆபத்து அதிகம் என்பதால் தோல், வறுவல், நெய் எதையும் பக்கத்திலேயே விடுவதில்லை.

தீபாவளியன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். விருந்தினர் ஒருவர், மிளகு அழகாக உட்கார்ந்ததைப் பார்த்து மகிழ்ந்து, தம் கிண்ணத்துப் பாயசத்திலிருந்து உலர் திராட்சைகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டார். அன்புதான், அவருக்குத் தெரியாது. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடும். உடனே டாக்சி பிடித்து மருத்துவரிடம் ஓடினோம். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தபோது அந்தச் சிறு உடல் நடுங்கியது இன்னும் என் கையில் இருக்கிறது. வடையில் இருக்கும் வெங்காயம், குழம்புப் பூண்டு, சாக்லேட், சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கப்படும் சைலிட்டால், இவை எல்லாமே நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடக்கூடும்.

எங்கள் வயதுக்காரர்கள் பலர் தமிழ் மட்டுமே வாசிப்பவர்கள். பகலில் பேரப்பிள்ளைகளோடு குட்டிகளையும் பார்த்துக்கொள்பவர்கள் நாங்கள்தான். கடைகளில் கிடைக்கும் பொட்டலங்களில் தமிழில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே, சித்திரைப் புத்தாண்டுக்கு முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டு, நாய்க்குக் கொடுக்கக்கூடியவை, கூடாதவை பட்டியலைப் பெரிய எழுத்தில் தங்கள் நாளிதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைக்க ஒரு பிரதி, கீழ்த்தளத்தில் பார்த்த அந்தத் தம்பியிடம் கொடுக்க ஒரு பிரதி என இரண்டு வாங்குவேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி