பட்டாணிப் பொட்டலம் இரண்டு வாங்கி வை

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அடுத்த மாதம் நீயும் கண் ரெப்பைக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறாய் என்று படித்ததும் கை வேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். "இந்த வயசில் அழகுக்கா?" என்று உன் நாத்தனார் கேட்டாராமே. கேட்கட்டும். முகம் உன்னுடையது.

எனக்கு முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. மேல் ரெப்பையில் தொங்கிய தோலை எடுத்து, கண்ணுக்குக் கீழே பைபோல உப்பியிருந்ததையும் சரிசெய்தார்கள். ஆபரேஷன்கூடப் பெரிதாகத் தெரியவில்லை, அப்புறம் வந்த வீக்கம்தான் என்னை ஆட்டிவைத்தது.

வீட்டுக்கு வந்த அன்று சுமாராகத்தான் இருந்தது. இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். மூன்றாம் நாள் காலை வலது கண் ஒரு கோடாகத்தான் திறந்தது, சுற்றிலும் நாவல்பழ நிறம். இடது கண் அவ்வளவு இல்லை. ஏதோ தப்பாகிவிட்டது என்று அழுதேவிட்டேன். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி வீங்காது என்றார் டாக்டர். உடம்பிலேயே மெல்லிய தோல் ரெப்பைத் தோலாம். அடியில் இறுக்கம் இல்லாததால் கொஞ்சம் நீர் கோத்தாலே உப்பிவிடுகிறது. அந்த நீல நிறம் பிறகு கன்னத்துக்கு இறங்கி, மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் போய்விட்டது. இறங்குகிறதே என்று நீ பயப்படாதே.

முதல் இரண்டு நாள் விழித்திருக்கும்போதெல்லாம் மணிக்கொரு தரம், பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தேன். ஃப்ரீஸரில் வைத்த பச்சைப் பட்டாணிப் பொட்டலத்தைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக்கொள்வேன். பட்டாணி கண்ணின் வளைவுக்குப் படிந்து உட்காரும், கனமும் இருக்காது. ஐஸ்கட்டியை நேரே வைக்காதே. ரெப்பை மரத்துக் கிடக்கும், தோல் கெட்டாலும் உனக்குத் தெரியாது.

இரவில் மூன்று தலையணை அடுக்கி மல்லாந்தே படுத்தேன். தூக்கம் சரியாக வரவில்லை. ஆனால் ஒருநாள் தெரியாமல் ஒருக்களித்துப் படுத்துவிட்டேன், காலையில் அந்தப் பக்கம் மட்டும் பொதபொதவென்று இருந்தது.

ஐந்தாம் நாள் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் வற்றியதும் தைரியம் வந்து, வாசல் பெருக்கிக் குனிந்து கோலம் போட்டேன். மத்தியானம் கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் சாப்பிட்டேன். மறுநாள் கண் பழையபடி உப்பிவிட்டது. குனிந்தால் ரத்தம் முகத்துக்கு ஏறுகிறது, உப்பு நீரைப் பிடித்து வைக்கிறது. இரண்டு வாரத்துக்குக் கோலத்தை மருமகளிடம் விட்டுவிடு, குடமும் தூக்காதே. ஊறுகாய்ப் பக்கமும் போகாதே.

நீ இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறாய் அல்லவா? அதையும் மீன் எண்ணெய் மாத்திரையையும் டாக்டரிடம் கட்டாயம் சொல். நீயாக நிறுத்திவிடாதே, எதை எப்போது நிறுத்துவது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

இதை மட்டும் நன்றாக மனதில் வை. ஒரு கண் மட்டும் திடீரென்று கல் மாதிரி இறுகினாலோ, விழி முன்னுக்குத் தள்ளினாலோ, தாங்க முடியாமல் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, நடு ராத்திரி என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் அப்படி ஆகுமாம். விடியட்டும் என்று காத்திருந்தால் பார்வையே போகலாம்.

எனக்கு ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். இப்போதும் காலையில் எழுந்தால் லேசான தடிப்பு இருக்கிறது, பத்து மணிக்குள் வடிந்துவிடும். முழுதாகச் சரியாகச் சில மாதங்கள் ஆகும் என்கிறார்கள். சாயங்காலம் வெயில் தணிந்தபின் கடற்கரைச் சாலையில் கறுப்புக் கண்ணாடி போட்டு மெதுவாக நடக்கிறேன்.

தேதி உறுதியானதும் எழுது. முதல் மூன்று ராத்திரியும் மஞ்சக்குப்பத்தில் உன்னோடு இருக்கிறேன். பட்டாணிப் பொட்டலம் இரண்டு வாங்கி வை. ஒன்று இளகும்போது இன்னொன்று வேண்டியிருக்கும்.

உன்,
வசந்தா